பரத்பூருக்குத் தண்ணீர் வந்துவிட்டதா?

டில்லியிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஊருக்குப் போகிறவர்கள், மதுரா ஸ்டேஷனைக் கடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது அபூர்வம். கட்டுச்சாத மூட்டையைப் பிரிக்கும் நேரம் அது. அல்லது மேல் படுக்கை யாருக்கு என்று குழந்தைகள் சண்டையிடும் நேரம். அந்த மதுராவில்தான் ரயில் பாதை பிரிகிறது. ஒன்று ஆக்ரா, குவாலியர் என்று தெற்கே இறங்கி நம் ஊர்ப் பக்கம் போகிறது. மற்றொன்று மேற்கே ஒதுங்கி, ராஜஸ்தானுக்குள் நுழைந்து, கோட்டா வழியாக மும்பைக்குப் போகிறது. இந்த இரண்டாவது பாதையில், மதுராவிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள், பரத்பூர் ஜங்ஷன் இருக்கிறது.

ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்காகவே தாஜ்மகாலை ஏழெட்டுத் தடவை பார்த்து அலுத்துப்போன டில்லித் தமிழர்கள் பலர், பரத்பூரில் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. ஆக்ராவிலிருந்து அது 55 கிலோமீட்டர்தான். பதேபூர் சிக்ரியிலிருந்து அதில் பாதிகூட இல்லை. அக்பரின் கோட்டை வாசல்வரை போய், படிக்கட்டில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டு, அப்படியே திரும்பிவிடுகிறார்கள்.

பரத்பூரில் பார்க்க வேண்டியது கேவலாதேவ் தேசியப் பூங்கா. உள்ளூர்க்காரர்கள் அதை அவ்வளவு நீட்டிச் சொல்வதில்லை, 'கனா' என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது கனவைக் குறிப்பதுபோல் விழும். இந்தியில் அதற்கு அடர்ந்தது என்று பொருள், அடர்ந்த காடு. 29 சதுர கிலோமீட்டர் பரப்பு. சுற்றிலும் ஆள் உயரக் கல் சுவர். உள்ளே ஏரி, சதுப்பு, புல்வெளி, கருவேல மரங்கள். இதுவரை 350-க்கும் அதிகமான பறவை இனங்கள் அங்கே கணக்கெடுக்கப்பட்டுள்ளன. 1985-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சொத்து என்று அறிவித்தது.

இத்தனைக்கும், அந்த ஏரி இயற்கை தந்ததல்ல. மனிதன் வெட்டியது, மனிதன் கட்டியது. மனிதன் மதகைத் திறந்தால் அது ஏரி. திறக்காவிட்டால் வெறும் மைதானம்.

வெள்ளத்துக்குப் போட்ட அணை

கதை பதினெட்டாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. பரத்பூரை ஆண்ட ஜாட் மன்னர் சூரஜ்மல், கம்பீர், பாணகங்கா என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் ஒரு மண் அணை கட்டினார். அதற்கு அஜான் பந்த் என்று பெயர். மழைக் காலத்தில் இரண்டு ஆறுகளும் ஒரே சமயத்தில் பெருகினால் பரத்பூர் நகரமே மூழ்கிவிடும் நிலை. வெள்ளத்தைத் தடுப்பதுதான் நோக்கம். பறவைகளைப் பற்றி அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். (இந்தப் பரத்பூர் கோட்டையைத்தான் 1805-ல் லேக் பிரபு நான்கு தடவை தாக்கியும் பிடிக்க முடியாமல் திரும்பினார். அந்த மண் கோட்டையும் பார்க்கத் தக்கது. ஆனால் அது வேறு கதை.)

அணைக்குப் பக்கத்திலிருந்த பள்ளமான காட்டில் மழை நீர் இயல்பாகவே தேங்கும். மாடு மேய்க்கிறவர்களும் புல் அறுக்கிறவர்களும் அங்கே போய்வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சமஸ்தானத்தாருக்கு வேறொரு யோசனை வந்தது. தேங்கும் தண்ணீரைத் தேடி வாத்துகள் வருகின்றன; தண்ணீரை இன்னும் ஒழுங்காகத் தேக்கினால் இன்னும் வரும்; வந்தால் சுடலாம். கால்வாய் வெட்டினார்கள், குறுக்கும் நெடுக்குமாகக் கரைகள் போட்டார்கள், கரைக்குக் கரை மதகு வைத்தார்கள். வைஸ்ராய் கர்ஸன் பிரபுவின் காலத்தில், 1902-ல், பெரிய வேட்டைகள் தொடங்கின.

இன்றைக்கும் ஏற்பாடு அதேதான். ஜூலை, ஆகஸ்டில் அஜான் பந்த் நிரம்பினால் மதகு திறந்து தண்ணீர் கால்வாய் வழியே கனாவுக்குள் வரும். கரைகளால் பிரிக்கப்பட்ட பாத்திகள் ஒவ்வொன்றாக நிரம்பும். ஒன்றில் இடுப்பளவு, ஒன்றில் முழங்கால் அளவு, ஒன்றில் ஈரம் மட்டும். வாத்துக்கு ஆழம் வேண்டும். நாரைக்கு முழங்கால் தண்ணீர் போதும். உள்ளான் குருவிக்குச் சேறு போதும். நம் வயற்காட்டில் நீர் பாய்ச்சுகிறவர் மண்வெட்டியுடன் வரப்பில் நின்று மடை திறந்து மடை அடைக்கிறாரே, அதே வேலைதான் இங்கும், கொஞ்சம் பெரிய அளவில். நவம்பருக்குப் பிறகு தண்ணீர் மெல்ல வற்றத் தொடங்கும். ஜூன் மாதத்தில் ஏரி பெரும்பாலும் காய்ந்து, அங்கங்கே குட்டைகள் மட்டும் மிஞ்சும். வருஷந்தோறும் இப்படிக் காய்வதும் நனைவதும்தான் அந்த மண்ணின் சத்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, ராமகிருஷ்ணபுரம் சர்க்கார் குடியிருப்பிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் கனாவுக்கு வந்திருந்தது. மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் குமாஸ்தா; அவர் மனைவி; எட்டாவது படிக்கும் பையன்; மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து குளிருக்கு முன் பேரனைப் பார்த்துப் போக வந்திருந்த பாட்டி. அதிகாலை ரயிலில் ஏறி, ஒன்பது மணிக்குள் பரத்பூரில் இறங்கிவிட்டார்கள்.

பூங்காவின் வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால், சொந்தக் காருக்கெல்லாம் கொஞ்ச தூரம்தான் அனுமதி. அதற்கு மேல் நடக்கலாம். வாடகைச் சைக்கிள் எடுக்கலாம். சைக்கிள் ரிக்ஷாவில் போகலாம். இந்த ஏற்பாடு கனாவின் பெரிய அதிர்ஷ்டம். எஞ்சின் சத்தம் இல்லாததால் நாரை பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு, வந்தவர்களை அலட்சியமாகப் பார்க்கும்.

ரிக்ஷா ஓட்டுகிறவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். வனத்துறை அவர்களுக்குப் பறவைகளைப் பற்றிப் பயிற்சி தந்திருக்கிறது. பலர் பள்ளிக்கூடத்தில் அதிக நாள் இருந்தவர்களல்லர். ஆனால் முந்நூறு பறவைகளின் பெயரை ஆங்கிலத்தில் தட்டுத் தடங்கலின்றிச் சொல்வார்கள். கழுத்தில் பைனாகுலர், மிதிக்கட்டையில் கால், கண் மட்டும் மரக்கிளையில். இவர்களில் சீக்கியர் கணிசம். அந்தத் தமிழ்க் குடும்பத்துக்குக் கிடைத்தவரும் ஐம்பது வயது தாண்டிய ஒரு சர்தார்ஜிதான். குமாஸ்தாவும் பையனும் வாடகைச் சைக்கிளில் பின்தொடர, பாட்டியும் மருமகளும் ரிக்ஷாவில் ஏறிக்கொண்டார்கள்.

வாசலிலிருந்து நேராக ஒரே தார்ச்சாலை. இரண்டு புறமும் மரம். முதலில் வறண்ட காடுதான் வரும். நீலான்கள் மாடுகள்போல் நின்று மேய்ந்துகொண்டிருக்கும். புள்ளிமானும் நரியும் கண்ணில் படும். குளிர் காலத்து வெயிலில் முள்ளம்பன்றி வளைகளின் வாயில் மலைப்பாம்புகள் உடம்பைக் காயவைத்துக்கொண்டு கிடப்பதும் உண்டு. இங்கே நிரந்தரமாகப் புலி கிடையாது. இருந்தாலும் 2010-ல் ரன்தம்போர் காட்டிலிருந்து ஓர் ஆண் புலி வழி தப்பி வந்து சில மாதங்கள் தங்கிவிட்டது; பிறகு அதைப் பிடித்துச் சரிஸ்காவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட பையன் அதன் பிறகு பறவையைப் பார்த்ததைவிடப் புதரைப் பார்த்ததே அதிகம்.

ஒன்றிரண்டு மைல் போனதும் காட்சி மாறுகிறது. சாலையின் இரு புறமும் தண்ணீர். தண்ணீருக்குள் கருவேல மரங்கள். மரமெல்லாம் வெள்ளையும் ரோஜா நிறமுமாக, பூத்ததுபோல். கிட்டே போனால் அவை பறவைகள் என்று தெரிகிறது. ஒரு மரத்தில் முப்பது, நாற்பது கூடுகள். ஒவ்வொரு கூட்டிலும் அழுக்கு வெள்ளை நிறத்தில் மூன்று நான்கு குஞ்சுகள், தாயைவிடப் பெரிய குரலில் கத்திக்கொண்டு.

சர்தார்ஜி ரிக்ஷாவை நிறுத்தி, "பெயின்டட் ஸ்டார்க்" என்றார்.

"மஞ்சள் மூக்கு நாரை" என்றார் பாட்டி, அவர் சொன்னதைக் காதில் வாங்காமலே. "நம்ம வேடந்தாங்கல்ல இதே மாதிரிதான் கடம்ப மரத்துல கூடு கட்டும். அது பாரு, நத்தை குத்தி. அலகை மூடினாலும் நடுவுல சந்து தெரியும். நத்தையை உடைக்கத்தான் அப்படி."

"ஓபன்பில்" என்றார் சர்தார்ஜி.

அதற்கப்புறம் இருவருக்கும் ஒரு போட்டி ஏற்பட்டுவிட்டது. அவர் ஆங்கிலத்தில் ஒன்று சொல்வார். பாட்டி தமிழில் ஒன்று சொல்வார். நீர்க்காகம், பாம்புத் தாரா, வக்கா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழி, தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி... இடையில் உட்கார்ந்திருந்த மருமகள் இந்தியிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்லி ஓய்ந்து போனார். பத்துப் பதினைந்து வரையில் பாட்டி சளைக்கவில்லை. வடக்கேயிருந்து வந்திருந்த வரித்தலை வாத்துகளைப் பார்த்தபோதுதான், "இது நம்ம ஊர்ல பார்த்த ஞாபகம் இல்லை" என்று ஒப்புக்கொண்டார். தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட அந்த வாத்துகள் இமயமலையைத் தாண்டிப் பறந்து வருபவை. தமிழ்நாட்டிலும் கூந்தன்குளம் போன்ற ஏரிகளுக்கு அவை போவதுண்டு; வேடந்தாங்கல் பாட்டி பார்த்திராதது அவர் குற்றமல்ல.

வேடந்தாங்கல் ஞாபகம் வந்தது பொருத்தமே. அதுவும் மனிதன் வெட்டிய ஏரிதான், பாசன ஏரி. ஆனால் இரண்டுக்கும் வரலாறு நேர் எதிர். பரத்பூரில் ராஜா சுடுவதற்காகப் பறவைகளை வரவழைத்தார். வேடந்தாங்கலில் குடியானவர்கள், பறவையின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டு, சுடவந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைத் தடுக்கக் கோரி, செங்கல்பட்டுக் கலெக்டரிடமிருந்து 1798-லேயே கௌல் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கல்லில் எழுதிய கணக்கு

ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் போனால் காட்டுக்கு நடுவே கேவலாதேவ் கோயில். சிறிய சிவன் கோயில். பூங்காவுக்குப் பெயர் வந்தது இதனால்தான். கோயிலுக்குப் பக்கத்தில் கற்பலகைகள் நிற்கின்றன. பாட்டி சாமி கும்பிடப் போக, குமாஸ்தா அந்தப் பலகைகளின் முன் நின்றுவிட்டார். வரிசை வரிசையாகத் தேதி, யார் வருகையை முன்னிட்டு வேட்டை, எத்தனை துப்பாக்கி, எத்தனை பறவை. பேரேட்டில் பதிவதுபோல் பிசகின்றிப் பொறித்திருக்கிறார்கள்.

1938 நவம்பர் 12: வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்த நாள். அந்த ஒரே நாளில் விழுந்த பறவைகள் 4,273.

சுதந்திரம் வந்த பிறகும் வேட்டை உடனே நின்றுவிடவில்லை. பலகைகளில் 1960-கள் வரை கணக்கு இருக்கிறது. அதற்கு முன்பே இன்னொரு ஆபத்தும் வந்தது. ஏரியை வற்றவைத்து நிலத்தை விவசாயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. நிலமில்லாத ஏழைக்கு நிலம் என்பது நியாயமான கோரிக்கைதான். பறவையியல் அறிஞர் சாலிம் அலி, பிரதமர் நேருவிடம் விஷயத்தைக் கொண்டுபோய் ஏரியைக் காப்பாற்றினார். பின்னர் அவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தாரும் இங்கே பல்லாயிரம் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். அந்த வளையங்கள் ரஷ்யாவிலும் மத்திய ஆசியாவிலும் அகப்பட்டபோதுதான், எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்பதற்குத் திட்டமான சாட்சி கிடைத்தது. பழைய மகாராஜாவுக்கு இருந்த வேட்டை உரிமை 1972-ல் முடிந்தது. 1982-ல் கனா தேசியப் பூங்கா ஆயிற்று.

எருமைகள் வெளியேறின, புல் உள்ளே வந்தது

தேசியப் பூங்கா என்றால் சட்டப்படி உள்ளே மாடு மேயக் கூடாது. சுற்றியுள்ள கிராமங்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக அந்தச் சதுப்பில்தான் மேய்ந்து வந்தன. 1982 நவம்பரில் தடை அமலுக்கு வந்தது. மாற்று மேய்ச்சல் நிலம் ஏற்பாடாகவில்லை. கிராமத்தார் கூட்டமாகத் திரண்டு வந்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. சிலர் உயிரிழந்தார்கள். கோயில் பக்கத்தில் வாத்துக்குக் கல்லில் கணக்கு இருக்கிறது. இவர்களுக்கு அப்படிப் பலகை எதுவும் கிடையாது.

அதற்கப்புறம் நடந்ததுதான் விசித்திரம். எருமை போனால் பறவை பெருகும் என்று எண்ணியிருந்தார்கள். நடந்தது வேறு. பாஸ்பாலம் என்ற ஒரு வகை நீர்ப்புல், தின்பதற்கு எருமை இல்லாததால், ஏரி முழுவதும் பாய் விரித்ததுபோல் படர்ந்துவிட்டது. நீர்ப்பரப்பு மறைந்தது. வாத்து இறங்க இடம் குறைந்தது. மீனுக்கு மூச்சு முட்டியது. 1980-களில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் வி.எஸ். விஜயன் தலைமையில் பத்தாண்டுக் காலம் நடத்திய ஆய்வில் இது தெளிவாக வெளிவந்தது. மேய்ச்சலை அடியோடு நிறுத்தியது தவறு. எருமை அந்த ஏரியின் எதிரியல்ல, வேலையாள் என்பது ஆய்வின் சாரம். (இதே விஜயன்தான் பின்னர் கோயமுத்தூரில் 1990-ல் ஏற்பட்ட சாலிம் அலி பறவையியல் நிலையத்தின் முதல் இயக்குநரானார்.) பிற்பாடு கிராமத்தார் உள்ளே வந்து கையால் புல் அறுத்துக்கொண்டு போக அனுமதி கொடுத்தார்கள். சட்டத்தில் எருமைக்கு வழியில்லை. அரிவாளுக்கு வழி இருந்தது.

மரத்திலும் ஒரு தொல்லை உண்டு. ராமநாதபுரம், விருதுநகர்க்காரர்கள் அதைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்கள். நம் கண்மாய்களை வளைத்துக்கொண்ட அதே சீமைக் கருவேலம் இங்கும் புகுந்து புல்வெளியை விழுங்கியது. ஏரி வற்றிய ஆண்டுகளில் இன்னும் வேகமாகப் பரவியது. சுற்றுக் கிராமத்தாரைக் கொண்டே அதை வேரோடு பிடுங்கவைத்து, விறகை அவர்களே எடுத்துப் போகும்படி ஏற்பாடு செய்தார்கள். இது நல்ல யோசனை. கூலிக்குக் கூலி, அடுப்புக்கு விறகு. கிராமத்துக்கும் பூங்காவுக்கும் இருந்த பழைய பகையும் ஓரளவு தணிந்தது.

வராமல் போன விருந்தாளி

கனாவுக்கு உலகப் புகழ் கொடுத்தது சைபீரியக் கொக்கு. உடம்பெல்லாம் வெள்ளை, முகம் சிவப்பு, இறக்கை நுனி கறுப்பு. ஐயாயிரம் கிலோமீட்டர் பறந்து, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக ஒவ்வொரு குளிர்காலமும் இங்கே வந்து, சேற்றில் கோரைக் கிழங்கைத் தோண்டித் தின்று, மார்ச்சில் திரும்பிப் போகும். இந்தியாவில் அவை தவறாமல் வந்த இடம் இது ஒன்றுதான். 1960-களின் நடுவில் இருநூறு எண்ணினார்கள். எழுபதுகளில் அது எழுபத்தைந்து அளவுக்கு இறங்கியது. எண்பதுகளில் நாற்பதுக்குப் பக்கம். தொண்ணூறுகளில் விரல்விட்டு எண்ணும் அளவு. 2001-02 குளிர்காலத்தில் ஒரே ஒரு ஜோடி வந்தது. அதற்கப்புறம் வரவில்லை.

வழியில் வேட்டையாடினார்கள் என்பது முக்கியக் காரணம். ஆப்கானிஸ்தானத்தில் யுத்தம், அங்கே அவை தங்கி இளைப்பாறிய ஏரியிலும் நிம்மதியில்லை. கனாவில் புல் படர்ந்து கிழங்கு தோண்ட முடியாமற் போனதும் சேர்ந்துகொண்டது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

சர்தார்ஜி அந்தக் கொக்குகளைப் பார்த்தவர். இளைஞராக இருந்தபோது வெளிநாட்டுக்காரர்களை அவற்றைக் காட்டவே ஏற்றிக்கொண்டு போவாராம். "கொக்கு நிற்கும் இடத்திலிருந்து இவ்வளவு தூரத்தில் ரிக்ஷாவை நிறுத்துவேன், மாதாஜி. வந்தவர்கள் பேசமாட்டார்கள். சில பேர் அழுதிருக்கிறார்கள்" என்றார். இப்போது பெரிய கொக்கு என்று காட்ட சாரஸ் இருக்கிறது. ஆள் உயரம், உலகில் பறக்கும் பறவைகளில் இதைவிட உயரமானது இல்லை. ஜோடியாகவே திரியும். ஆனால் கனாவில் சாரஸும் முன்போல் இல்லை.

மடை யார் கையில்?

"இவ்வளவு தண்ணி எங்கேருந்து வருது?" என்று பாட்டி கேட்டார். ஏரிப் பாசன ஊரில் பிறந்தவர் வேறு எதைக் கேட்பார்?

அந்தக் கேள்விக்குச் சர்தார்ஜி ரிக்ஷாவை விட்டு இறங்கி, சாலையோரக் கட்டையில் உட்கார்ந்துகொண்டு பதில் சொன்னார்.

கனாவின் தண்ணீர் கம்பீர் ஆற்றுத் தண்ணீர். அந்த ஆற்றின் மேற்பகுதியில், கரௌலி மாவட்டத்தில், பாஞ்சனா என்ற அணை எழுந்தது. 2004 முதல் கனாவுக்கு வரவேண்டிய நீர் அணையிலேயே நின்றுவிட்டது. கரௌலி விவசாயிகள் தங்கள் வயலுக்குப் பாயாத தண்ணீரைப் பறவைக்கு விடமாட்டோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. காவிரிக் கரையிலிருந்து வந்த எவருக்கும் இந்த வழக்கின் இரண்டு பக்கமும் தெரியும். மழையும் அந்த ஆண்டுகளில் பொய்த்தது. ஏரி வறண்டது. நாரைகள் வந்து வட்டமிட்டுப் பார்த்துவிட்டுப் போயின; பல மரங்களில் கூடே கட்டவில்லை. உலகப் பாரம்பரியச் சொத்து என்று பலகை மாட்டிய இடத்தில் மாடுகள் புழுதி கிளப்பின.

பறவை இல்லாவிட்டால் பயணி இல்லை. பயணி இல்லாவிட்டால் ரிக்ஷா இல்லை. "இரண்டு வருஷம் காஜியாபாத்தில் சுமை ரிக்ஷா மிதித்தேன்" என்றார் சர்தார்ஜி. "அங்கே யாரும் என்னிடம் பறவை பெயர் கேட்கவில்லை." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குமாஸ்தா மட்டும் சிரிக்கவில்லை. அவர் தகப்பனார் மதுராந்தகத்தை விட்டு டில்லிக்கு வந்ததும் ஏரி வறண்ட ஒரு வருஷத்தில்தான் என்பது வீட்டில் அடிக்கடி பேசப்படும் கதை.

பிறகு மாற்று வழி தேடினார்கள். சம்பல் ஆற்றிலிருந்து பரத்பூருக்குக் குடிநீர் கொண்டுவரும் குழாயிலிருந்து பூங்காவுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். மதுரா மாவட்டத்து வெள்ள நீரைக் கொண்டுபோகும் கோவர்த்தன் வடிகாலிலிருந்து குழாய் பதித்து, 2012-லிருந்து மழைக் காலத்தில் நீர் எடுத்தார்கள். ஏரிக்கு மறுபடி உயிர் வந்தது. நாரைகளும் வந்தன.

ஆனால் குழாய்த் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் ஒன்றல்ல. அஜான் பந்த் மதகு திறக்கும்போது தண்ணீரோடு மீன் குஞ்சுகளும் வரும். ஒரு நல்ல வெள்ளத்தில் வரும் குஞ்சுகள் ஆறரைக் கோடி என்று ஒரு மதிப்பீடு. அதை நம்பித்தான் அத்தனை ஆயிரம் கூடுகளும். சுத்திகரித்துக் குழாயில் வரும் சம்பல் நீரில் மீன் ஏது? தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்தது. சாப்பாட்டுக்கு வழி பிறகு தேட வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு ஆப்பிரிக்கக் கெளுத்தி என்ற அந்நிய மீன் உள்ளே புகுந்து, சிறு மீன்களையும் சில சமயம் பறவைக் குஞ்சுகளையுமே விழுங்குகிறது. அதை வலை போட்டுப் பிடித்து அகற்றும் வேலை ஆண்டுதோறும் நடக்கிறது.

வருஷம் ஒன்றுக்குக் கனாவுக்கு வேண்டியது 55 கோடி கன அடி நீர் என்று கணக்கு. நல்ல மழை பெய்து பாஞ்சனா நிரம்பி வழிகிற ஆண்டில் பழைய வழியாகவும் நீர் வருகிறது. மற்ற ஆண்டுகளில் குழாயும் கோவர்த்தன் வடிகாலும், அதிகாரிகளின் கடிதப் போக்குவரத்துந்தான்.

போகிறவர்களுக்கு

டில்லியிலிருந்து பரத்பூர் 180 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ரயிலில் மூன்று மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து பூங்கா வாசலுக்கு ஆட்டோ உண்டு. காலையில் போய் இரவு திரும்பலாம். ஆனால் ஒரு ராத்திரி தங்கினால், விடியற்காலைப் பனியில் ஆயிரக்கணக்கான வாத்துகள் ஒரே சமயத்தில் எழும்பும் சத்தத்தைக் கேட்கலாம். பூங்கா சூரியோதயத்தில் திறந்து அஸ்தமனத்தில் மூடப்படும்.

ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை கூடும் குஞ்சும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெளிநாட்டு வாத்துகள். இரண்டையும் ஒருசேரப் பார்க்க நவம்பர் முதல் பாதி நல்லது. ஜனவரியில் போகிறவர்கள் ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்வது நலம். சில நாள் பத்து மணிவரை மூடுபனியில் பக்கத்து மரமே தெரியாது. மே, ஜூனில் அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம். பைனாகுலர் இல்லாவிட்டால் வாசலில் வாடகைக்குக் கிடைக்கும். சிவப்பு, மஞ்சள் உடைகளைத் தவிர்க்கலாம். டிரான்சிஸ்டரோ செல்போனோ எதுவானாலும் பாட்டை நிறுத்திவிட வேண்டும். நடக்க முடிந்தவர்கள் தார்ச்சாலையை விட்டு இறங்கி, ஏரிக்கரை வரப்புகள் மேல் நடந்து பார்க்க வேண்டும். மீன்கொத்தியும் நீலத் தாழைக்கோழியும் அங்கேதான் மிகக் கிட்டத்தில் அகப்படும். சாப்பாட்டை வெளியே எடுக்கும்போது குரங்குகள்மேல் ஒரு கண் இருக்கட்டும். அன்றைக்கு அந்தக் குடும்பத்தின் தயிர்சாதத்தில் ஒரு பொட்டலம் கோயிலருகே பறிபோயிற்று.

மாலை ஐந்து மணிக்குக் கொக்குகள் கூட்டம் கூட்டமாக மரத்துக்குத் திரும்பத் தொடங்கின. சர்தார்ஜி வாசலில் கொண்டுவந்து விட்டுக் கூலியை வாங்கிக்கொண்டார். பாட்டி முந்தானையை அவிழ்த்துத் தனியாக ஐம்பது ரூபாய் கொடுத்தார். அவர் முதலில் மறுத்துப் பிறகு வாங்கிக்கொண்டார்.

பாட்டி ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். அதற்கப்புறம் ஆடி மாதம் பிறந்து மழைச் செய்தி பத்திரிகைகளில் வரத் தொடங்கினால், மதுராந்தகத்திலிருந்து டில்லிக்கு வரும் டெலிபோனில் ஒரு கேள்வி நிச்சயம் இருக்கும். ஊர் ஏரி நிரம்பிய விவரம், பேரனின் மார்க், மருமகளின் முதுகு வலி எல்லாம் பேசி முடித்த பிறகு அந்தக் கேள்வி வரும்:

"ஏண்டா, பரத்பூருக்குத் தண்ணி வந்துடுத்தா? அந்த ரிக்ஷாக்காரர் இந்த வருஷம் ஊர்லயேதான் இருக்காராமா?"